நூற்றிருபத்தொன்பதாவது பிட்

திணைக்களம் அனுப்பிய வரைவு எண்பத்துநாலு பக்கம்.
எக்ஸ்.எம்.எல். மூச்சு விடாமல் கதைக்கிற ஆள்:
கிணறு என்று திறக்கும், கிணறு என்று மூடும்,
இடையில் ஆழம் திறக்கும், ஆழம் மூடும்,
சவர் என்று மூன்றெழுத்துச் சொல்ல
முப்பது எழுத்தில் மதிலும் படலையும் கட்டும்.
ஒரு கிணற்றுக்கு எழுநூறு எழுத்து.
கிணறுகள் ஆயிரத்துத் தொளாயிரம்.
யசிந்தா கையில் கொண்டு திரியும் கருவியிலோ
முப்பத்திரண்டு கிலோபைட்.

பலாலி வீதியில் மாடி அறை, ஒரு பக்கம் இழுக்கிற மின்விசிறி.
நான் ஸ்ட்ரக்ட் எழுதவில்லை,
ஸ்ட்ரக்ட் எழுதுகிற ஒன்றை எழுதுகிறேன்.
வரைவை அவர்கள் மாற்றும் ஒவ்வொரு முறையும்
அது இருந்து எழுதட்டும், நான் படுக்கிறேன்.

முழு எண் என்று வரைவு அள்ளி வீசிய இடமெல்லாம்
எவ்வளவு பெரிசு என்று கேட்கப் பழக்கினேன்.
பதினெட்டாவது குழியில் பரப்பு பிறந்துவிடும்;
ஆகவே குழிக்கு ஐந்து பிட், அதற்குமேல் சல்லி இல்லை.
நன்னீர், சவர், உப்பு: இரண்டு பிட்.
நாலாவது கதிரை வெறுமை,
ஆனால் அது தண்ணீருக்குப் போட்டது, ஆளுக்கு அல்ல.
மோட்டர் இருக்கா: ஒன்று.
உரியவர் பெயர் கருவிக்கு வேண்டாம்,
உண்டா என்பது போதும்: ஒன்று.

கம்பைலருக்கு ஒரு பழக்கம்.
சின்னதுக்குப் பின்னால் பெரிசு வந்தால்
நடுவே மூன்று பைட்டைச் சும்மா விட்டுவிட்டு
ஒருவருக்கும் சொல்லாது.
குறிகட்டுவானில் படகுக்குச் சாமான் ஏற்றுகிறவன்
சீமெந்து மூட்டையை முதலில் வைப்பான்,
பிறகு பெட்டி,
கைப்பைகளை இடுக்குகளில் செருகுவான்.
அப்படியே அடுக்கச் சொன்னேன்.

வெள்ளி இரவு பதினொன்றரைக்குப்
பதினாறு பைட். நூற்றிருபத்தெட்டு பிட்டும் நிறைந்து
ஊசி போட இடமில்லை.
தனியே இருந்து ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

சனி காலை கோண்டாவிலிலிருந்து யசிந்தா:
"உரியவர் உண்டா எண்டு கேக்குது.
ஓம், இல்லை, ரெண்டே ரெண்டுதான் கிடக்கு.
இந்த வளவுக்காரர் தொண்ணூற்றைஞ்சில வெளிக்கிட்டவராம்.
எங்கை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.
இல்லை எண்டு அமத்த எனக்குக் கை வரேல்லை."

திரும்ப வரைவைத் திறந்தேன்.
அறுபத்தோராம் பக்கத்தில் அரை வரி:
உரியவர், விடப்படலாம்; வெறுமையாகவும் வரலாம்.
விடப்பட்டது என்றால் படலையே இல்லை.
வெறுமை என்றால்
படலை திறந்து, படலை மூடி, நடுவில் ஆளில்லை.
இரண்டையும் ஒன்றென்று மடித்தது நான்.
அந்த அலட்டல்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒரு பிட்டுக்காகவா அக்கா?" என்றான் பிரணவரூபன்.
ஒரு பிட்டுக்காகத்தான்.
நூற்றிருபத்தொன்பது என்றால் அடுத்த நிறுத்தம் இருபது பைட்.
இருபது தரம் ஆயிரத்துத் தொளாயிரம், முப்பத்தெண்ணாயிரம்.
கொள்ளாது.

ஞாயிறு முழுக்க அந்த ஒன்றைத் தேடினேன்,
தோட்டின் சுரை விழுந்ததுபோல் கட்டிலடி எல்லாம்.
ஆழத்துக்கு ஏழு பிட் கொடுத்திருந்தேன்,
நூற்றிருபத்தேழு அடி வரைக்கும், பயத்தில்.
பட்டியலில் ஆகக் கூடிய ஆழம் நாற்பத்தாறு.
ஆழத்தில் இருந்து ஒன்றை எடுத்தேன்.

நாளைக்கு ஆரும் அறுபத்துநாலு அடி வெட்டினால்
ஜெனரேட்டர் கத்தும். கத்தட்டும்,
அதற்கென்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கள் பத்து மணிக்கு யசிந்தா
தெரியாது என்பதை அமத்தினாள்.
பக்கத்து வளவுக்காரரின் மோட்டர்
அந்தக் கிணற்றில்தான் இறைத்துக்கொண்டிருந்ததாம்,
போனில் எனக்கும் கேட்டது.
மோட்டர் இருக்கா: ஓம்.